திருவிழா மேளக் கச்சேரி: அடியார்கள் கேட்டறிய வேண்டியவை

யாழ்ப்பாணத்துச் சைவ ஆலயங்களில் மேளம் இன்றி எந்தக் கிரியையும் நிறைவு பெறுவதில்லை. கொடியேற்றத்தின்போதும், சுவாமி வசந்த மண்டபத்திலிருந்து எழுந்தருளும்போதும், தேர் இருப்பிடத்தை விட்டு அசையும்போதும் நாதஸ்வரமும் தவிலும் முன்னே ஒலிக்கின்றன. இவ்வாறு மேளம் ஒலிப்பது எல்லோர் காதிலும் விழுகின்றது. ஆனால் அங்கே என்ன வாசிக்கப்படுகின்றது, ஏன் அது அந்த வேளையில் வாசிக்கப்படுகின்றது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இதன் விளைவைத் திருவிழா இரவுகளிற் காணலாம். சுவாமி வீதிவலம் வந்து இருப்பிடம் சேர்ந்த பின் விசேட மேளக் கச்சேரி ஆரம்பமாகும். அவ்வேளையிலேதான் மணலில் இருந்தவர்களிற் பெரும்பகுதியினர் எழுந்து கச்சான் கடைக்கும் ஐஸ்கிறீம் வானுக்கும் போய்விடுகின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. விளங்காத ஒன்றை மணிக்கணக்கில் இருந்து கேட்பது எவருக்கும் கடினமே. கேட்கும் முறை தெரிந்தால் இருக்கும் விருப்பம் தானாக வரும். அதற்கான சில அடிப்படைச் செய்திகளை எளிய முறையிலே எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிகளும் கலைஞர்களும்

பொதுவாக ஒரு மேளக் குழுவில் நாதஸ்வரம் வாசிப்பவர் இருவர், தவில் வாசிப்பவர் இருவர், தாளம் போடுபவர் ஒருவர் இருப்பர். சுருதிக்கு முற்காலத்தில் ஒத்து என்ற குழல் ஊதப்பட்டது. பின்னர் அதன் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது.

நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. நன்கு முற்றி உலர்ந்த பழைய மரமே இதற்கு உகந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணலினாற் செய்யப்படுகின்றது. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. குறுகிய, உயர்ந்த சுருதியுடைய நாதஸ்வரம் திமிரி எனவும், நீண்ட, தாழ்ந்த சுருதியுடையது பாரி எனவும் அழைக்கப்படும். பாரி நாதஸ்வரத்தைப் புகழ்பெறச் செய்தவர் தமிழகத்துத் திருவாவடுதுறை ரி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஆவார்.

தவிலின் உடல் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. வலப்பக்கத்தை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டும், இடப்பக்கத்தைக் கழியினாலும் வாசிப்பர். பாரமான இக்கருவியைத் தோளிலே மாட்டிக்கொண்டு, வீதி சுற்றி வரும் நேரம் முழுவதும் நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். வெயிலில் தேரோடும், இரவிற் சப்பறத்தோடும் வரும் கலைஞரின் உடல் உழைப்பை இதனால் உணரலாம். குருவின் வீட்டில் சிறு வயது முதல் பல ஆண்டுகள் பயின்றே இந்நிலையை ஒருவர் அடைகின்றார்.

கிரியையோடு இணைந்த வாசிப்பு

ஆலயத்தில் மேளம் வெறும் ஆரவாரத்துக்காக வாசிக்கப்படுவதில்லை. இன்ன வேளைக்கு இன்ன வாசிப்பு என்ற முறை உண்டு.

சுவாமி புறப்படும்போது வாசிக்கப்படுவது மல்லாரி. இது கம்பீரநாட்டை இராகத்தில் அமைவது. இதற்குப் பாடல் வரிகள் கிடையா. தாளக் கட்டுக்குள் சுரங்கள் மட்டுமே நடக்கும். ஒரே மல்லாரியை முதலில் ஆறுதலாகவும், பின்னர் இரட்டித்த வேகத்திலும், அதன் பின் அதனிலும் இரட்டித்த வேகத்திலும் வாசிப்பர். மல்லாரியிலும் வகைகள் உள்ளன. தேருக்குத் தேர் மல்லாரி, அபிஷேகத் தீர்த்தம் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் எடுத்து வரும்போது தளிகை மல்லாரி என்பன அவற்றுட் சில. மல்லாரியின் ஓசை கேட்டதும் வீட்டிலிருப்போர் சுவாமி வெளிக்கிட்டுவிட்டார் என அறிந்து வாசலில் நிறைகுடம் வைக்க ஆயத்தமாவது கிராமங்களின் வழக்கம்.

வீதியுலாவின்போது இராக ஆலாபனையும் கீர்த்தனைகளும் இடம்பெறும். வேளைக்குரிய இராகங்களும் உண்டு. விடியற்காலைக்குப் பூபாளமும், பள்ளியறைக்கு நீலாம்பரியும் உரியவை என்பது நெடுநாள் மரபு. திருவூஞ்சலின்போது எச்சரீக்கை, பராக்கு, லாலி, மங்களம் என்பன பாடப்படும். ஈழத்திலே பெரும்பாலான ஆலயங்களுக்குத் தனித்தனி ஊஞ்சற் பாடல்கள் இருப்பது ஒரு சிறப்பாகும்.

கச்சேரியின் ஒழுங்கு

விசேட மேளக் கச்சேரியை ஐந்து பகுதிகளாகப் பிரித்து விளங்கிக்கொள்ளலாம்.

முதலாவது ஆலாபனை. தோடி, கல்யாணி, கரகரப்பிரியா, சண்முகப்பிரியா போன்ற ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டு, பாடல் எதுவுமின்றி நாதஸ்வரக்காரர் அதன் உருவத்தைச் சிறிது சிறிதாகக் காட்டுவார். கீழ்ச் சுரங்களில் தொடங்கி மேலே ஏறி மீண்டும் கீழே இறங்கி வருவார். இதற்குத் தாளம் இல்லை. எந்தச் சுரத்தில் நின்று நிலைக்கிறார், எங்கே மூச்சை நீட்டிப் பிடிக்கிறார் என்பதைக் கவனித்தாற் போதும்.

இரண்டாவது கீர்த்தனை. தாளம் இங்கே தொடங்குகின்றது. தெரிந்த பாடலாயின் மனதுக்குள் வரிகளைப் பாடிக்கொண்டே கேட்கலாம்.

மூன்றாவது நிரவலும் கற்பனாஸ்வரமும். கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்து, அதனைப் பலவிதமாக மாற்றி வாசிப்பது நிரவல். சுரங்களை அந்த நேரத்திலே கற்பனை செய்து தொடுத்து வாசிப்பது கற்பனாஸ்வரம். இவை எழுதி வைத்து வாசிப்பன அல்ல. இன்றிரவு வாசித்ததை நாளை இரவு அவ்வாறே கேட்க இயலாது.

நான்காவது தனி ஆவர்த்தனம். நாதஸ்வரம் ஓய, தவில்கள் மாத்திரம் பேசும். ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் மறுமொழி கொடுப்பார். வரவர இந்த முறைகள் குறுகி, ஒருவர் ஒரு சொல்லும் மற்றவர் ஒரு சொல்லுமாக வந்து, இறுதியில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து கோர்வை வாசிப்பர். கோர்வையின் முடிவில் ஒரு சொற்கட்டு மூன்று முறை வரும். மூன்றாம் முறை முடியும் இடத்தில் பாடல் மீண்டும் எடுக்கப்படும். இதனை அறிந்தவர் மூன்றாவது முறைக்காகக் காத்திருந்து சரியான இடத்திலே கைதட்டுவார்.

ஐந்தாவது சிறு உருப்படிகளும் மங்களமும். பக்திப் பாடல்களும் விருப்பப் பாடல்களும் இங்கே வரும். பெரும்பாலானோர் இதற்காகவே காத்திருந்து, முன்னைய நான்கையும் தவறவிட்டு விடுகின்றனர்.

தாளம் போடப் பழகுதல்

கச்சேரியில் இருப்புக் கொள்வதற்குச் சிறந்த வழி கையைத் தொடையிலே தட்டித் தாளம் போடுவது. இதனைச் சிறுவர்களும் ஒரே நாளிற் பழகலாம். பெரும்பாலான கீர்த்தனைகள் ஆதி தாளத்தில் அமைந்தவை. ஆதி தாளத்துக்கு எண்ணிக்கை 8. முதலில் ஒரு தட்டு. அடுத்துச் சின்னி விரல், மோதிர விரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை. பின்னர் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டும் முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இந்த எண்ணிக்கை கையில் நின்றுவிட்டால் தவிலின் நடைகளும் புலப்படும். ஓர் எண்ணிக்கைக்குள் நான்கு அடி விழுந்தால் சதுஸ்ர நடை. தகதிமி என்று சொல்லிப் பார்க்கலாம். மூன்றானால் திஸ்ரம், தகிட. ஐந்தானால் கண்டம், தகதகிட. ஏழானால் மிஸ்ரம், தகிடதகதிமி. ஒன்பதானால் சங்கீர்ணம். தனி ஆவர்த்தனத்தின் நடுவிலே தவில்காரர் நான்கிலிருந்து மூன்றுக்கு மாறும்போது, கையில் தாளம் போட்டுக் கொண்டிருப்பவருக்கு அது உடனே தெரியும். தாளம் போடாதவருக்கு வெறும் சத்தம் கூடியதாகவே தோன்றும்.

ஈழத்து மேதைகள்

இக்கலை இங்கு இரவலாக வந்து தங்கிய ஒன்றல்ல. இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி முதலிய ஊர்களிலே வழிவழியாக இதனைப் பேணி வந்த குடும்பங்கள் உண்டு. இணுவிலில் தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகனாக 1933 ஆம் ஆண்டிற் பிறந்த வி. தெட்சணாமூர்த்தி அளவெட்டியில் வாழ்ந்து, ஈழத்திலும் தமிழகத்திலும் ஒப்பற்ற தவில் மேதையாகப் போற்றப்பட்டார். தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்கள் அவரைத் தம்முடன் வாசிக்க விரும்பி அழைத்தனர். 1975 ஆம் ஆண்டு அவர் இளமையிலேயே மறைந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் இயக்கிய ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருதொன்றைப் பெற்றது. நாதஸ்வரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசன் ஆகியோரின் பெயர்கள் என்றும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

இத்தகைய மேதைகள் பெரிய நகரங்களின் சபா மண்டபங்களிலே உருவானவர்கள் அல்லர். கிராமத்துக் கோயில் வீதியில், விடியும்வரை மணலில் இருந்து தாளம் போட்டுக் கேட்ட விவசாயிகளும் தொழிலாளிகளும் ஆசிரியர்களுமே அவர்களது சபையோர். ஒரு சுரம் பிசகினாற் கண்டுபிடிக்கவும், நன்றாக அமைந்தால் தலையசைக்கவும் தெரிந்த சபை முன்னே இருந்தமையால் வித்துவான்களும் தம்மிடம் உள்ளதெல்லாவற்றையும் வெளிக்கொணர்ந்தனர்.

கேட்போர் குறைந்தால் நேர்வது

மேளக்காரர் கூட்டத்திலே தாளம் போடும் ஒரு கையைத் தேடிக்கொண்டே வாசிப்பார். அந்தக் கை தென்பட்டால் வாசிப்பு வளரும். முன்னே வெறும் கதிரைகளும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகங்களும் மாத்திரம் இருந்தால் ஆலாபனை சுருங்கும். தனி ஆவர்த்தனம் கைவிடப்படும். நேரே சினிமாப் பாடலுக்குப் போக வேண்டிவரும். அதன் பின், மேளம் என்றாலே இவ்வளவுதான் என்று அடுத்த தலைமுறை எண்ணிக்கொள்ளும்.

யுத்த காலத்து இடப்பெயர்வுகளினாலும் புலம்பெயர்வினாலும் கலைஞர் குடும்பங்கள் பல சிதறிப் போயின. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட்-19 தொற்றுக் காரணமாகத் திருவிழாக்கள் மட்டுப்படுத்தப்பட்டபோது அவர்களது வருமானமும் தடைப்பட்டது. திருவிழாக்களும் திருமண முகூர்த்தங்களுமே அவர்களுக்குப் பிழைப்பு. இதற்கிடையில் நித்திய பூசைக்கு மின்னால் இயங்கும் மணி மேள இயந்திரங்கள் பல ஆலயங்களிற் பொருத்தப்பட்டுள்ளன. இயந்திரம் சுவிட்சைப் போட்டவுடன் ஒலிக்கும், சம்பளம் கேளாது. ஆனால் அதற்கு மல்லாரி தெரியாது. சுவாமி படியிறங்கும்போது சற்று நின்று வாசிக்கவும் தெரியாது. தந்தை வாசிப்பதை ஒருவரும் இருந்து கேட்பதில்லை என்று காணும் மகன் தவிலைக் கையில் எடுக்கத் தயங்குவது இயல்பே.

இன்னுமொன்றையும் சொல்லியாக வேண்டும். கலையைப் போற்றிய சமூகம் கலைஞரை அதே அளவுக்கு மதிக்கத் தவறிய காலம் இருந்தது. அந்தக் குறை முற்றாக நீங்க வேண்டும். பாராட்டுப் பத்திரமும் பொன்னாடையும் நல்லவை. ஆனால் வேளைக்கு உணவு, இருக்க ஓரிடம், பேசியபடி உரிய நேரத்திற் கொடுப்பனவு ஆகியவை அவற்றிலும் முந்தியவை.

அடியார்களும் ஆலயங்களும் செய்யத்தக்கவை

1. திருவிழாவில் ஒரு நாளாவது கச்சேரியின் தொடக்கம் முதல் மங்களம் வரை குடும்பத்தோடு இருந்து கேட்டல்.

2. பிள்ளைகளை முன்வரிசையில் இருத்தி ஆதி தாளம் போடப் பழக்குதல். அறநெறிப் பாடசாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதனைக் கற்பித்துவிடலாம்.

3. ஆலாபனை நடக்கும்போது உரத்துப் பேசுவதையும், தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்வதற்காகப் பின்னால் இருப்பவரை மறைத்து நிற்பதையும் தவிர்த்தல்.

4. விருப்பப் பாடலுக்குத் துண்டு எழுதிக் கொடுப்போர் தனி ஆவர்த்தனம் முடியும்வரை பொறுத்தல்.

5. உபயகாரரும் பரிபாலன சபையினரும் மின்பிறப்பாக்கியைக் கச்சேரி நடக்கும் இடத்துக்குத் தூரத்தே வைத்தல். ஒலிபெருக்கியின் சத்தத்தை அளவாக வைத்தல். நீண்ட உரைகளால் மேளத்துக்குரிய நேரத்தைக் குறைக்காதிருத்தல்.

6. கச்சேரி முடிந்ததும் கலைஞரிடம் சென்று, வாசித்த இராகத்தின் பெயரைக் கேட்டறிதல். அவ்வாறு கேட்கும் ஒரு சிறுவனுக்குப் பெயர் சொல்வதில் எந்த வித்துவானும் களைப்பைப் பார்ப்பதில்லை.

இவற்றுக்குப் பணம் தேவையில்லை. சற்று நேரமும் பொறுமையுமே தேவை. அடுத்த கொடியேற்றத்தன்று மல்லாரி தொடங்கும்போது, முதலாம் வேகம், இரண்டாம் வேகம், மூன்றாம் வேகம் என எண்ணிப் பார்ப்பதிலிருந்து அடியார்கள் இதனை ஆரம்பிக்கலாம்.