கூண்டுக் கம்பியும் பீங்கான் கிண்ணமும்

"சூளையில் வெந்து வந்த பொருளில் என்ன கெடுதல் இருக்கப்போகிறது?"

பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பயிலகமும் உள்ள விருத்தாசலத்தில் இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் கூண்டில் வளர்க்கும் பறவையின் அலகு முதலில் சுரண்டுவது மேற்பூச்சைத்தான். கிண்ணமானாலும் கம்பியானாலும் நாம் விசாரிக்க வேண்டியது அந்தப் பூச்சைப் பற்றி.

மின்பெட்டியில் இருக்கும் பியூஸ் கேரியர் மாதிரியான பீங்கானை 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் கிளேஸ் என்னும் மேற்பூச்சு உருகுவதற்கு ஈயம் தேவையில்லை. குறைந்த சூட்டிலேயே பளபளப்பு வேண்டும் என்னும்போதுதான் ஈயம் கலந்த கிளேஸ் உள்ளே வருகிறது. அது சரியாக வேகாமல் இருந்து, அதில் பழத்துண்டின் புளிப்பும் பட்டால் ஈயம் கசியும். கொலு பொம்மை, அலங்காரத் தொட்டி போன்றவற்றில் பல, சுட்ட பிறகு பெயின்ட் அடித்தவை; அவை தீவனம் வைப்பதற்குச் செய்தவை அல்ல. மனிதர் சாப்பிடுவதற்கென்றே விற்கும் வெள்ளைக் கிண்ணம் போதும். கிளேஸில் விரிசல் விழுந்தால் மாற்றிவிடுங்கள், அந்தக் கீறலுக்குள் அழுக்கு தங்கும்.

பழைய பியூஸ் கேரியரைத் தீவனக் கிண்ணமாக்கலாமா? பீங்கான் நல்லதுதான், அதில் திருகியிருக்கும் பித்தளைதான் ஆபத்து. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது; கடைசலுக்கு இலகுவாக இருக்க அதில் ஈயமும் சேர்ப்பதுண்டு. வேண்டவே வேண்டாம்.

முட்டையிட வைக்கும் பானை உள்ளே வழவழப்பாக இருந்தால் கழுவ எளிது என்பார்கள். வழுக்கும் தரையில் குஞ்சுக்குக் கால் ஊன்றாது. இரண்டு கால்களும் பக்கவாட்டில் அகன்று அப்படியே வளைந்துபோகும். கிளேஸ் இல்லாத மண் பானையில் மரச்சீவல் போட்டு வையுங்கள்.

அதிகம் கெடுதல் செய்வது கம்பி பற்றிய நம்பிக்கை. "ஜி.ஐ. மெஷ் துருப்பிடிக்காது, அதனால் பாதுகாப்பு" என்கிறார்கள். துருப்பிடிக்காமல் காப்பது அதன் மேலுள்ள துத்தநாகம்; பறவைக்கு நஞ்சாவதும் அதுதான். லவ் பேர்ட்ஸ், காக்டீல் போன்ற வளைந்த அலகுள்ள பறவைகள் கம்பியை அலகால் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறுகின்றன. புது மெஷ்ஷை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: கம்பிகள் குறுக்கே சேரும் இடத்தில் சின்னச் சின்னத் துளியாக உலோகம் உறைந்து நிற்கும், சில இடங்களில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பறவை அந்தத் துளியைப் பெயர்த்து விழுங்கினால் அது அரைவைப்பையில் தங்கிவிடும். அங்கே கல்லோடு கல்லாக அரைபட்டு, வயிற்று அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். புதுக் கூண்டுக்கு மாறிய சில நாளிலேயே பறவைகள் சுருண்டு விழுவதால் மேல்நாட்டில் இதற்குப் 'புதுக் கம்பி நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

"ஒரு மாதம் வெயிலில் போட்டால் சரியாகிவிடும்" என்பது பாதி உண்மை. துளிகளைக் குறடால் உடைத்தெடுத்து, வினிகர் தொட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்தால் ஆபத்து குறையும். பூச்சு அங்கேயேதான் இருக்கும். கம்பியைக் கடிக்காத ஃபிஞ்ச் வகைக்கு இது போதும். கடிக்கும் பறவைக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெஷ்தான் சரி. விலை அதிகம் என்பது நிஜம். அதற்காகக் கூண்டின் அளவைக் குறைக்காதீர்கள். பறவைகள் அதிகம் ஏறும் பக்கத்துக்காவது முதலில் ஸ்டீல் போடுங்கள். சின்னப் பறவைக்கு அரை அங்குலக் கண் போதும்.

பழைய கிரில் கதவைக் கூண்டுக்குத் திருப்புகிறவர்கள் பெயின்ட்டைக் கவனியுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் வந்ததே 2016-இல்தான். தொழிற்சாலை பெயின்ட்டுகளுக்கு அது பொருந்தாது.

உட்காரும் கொம்புக்கு பி.வி.சி. பைப் வேண்டாம். ஒரே பருமனில் வழுக்கும் கொம்பில் நாளெல்லாம் நின்றால் பாதத்தில் புண் வரும். கொய்யா, வேம்பு கிளைகளைப் பருமன் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். அரளிக் கொம்பு கூண்டுப் பக்கமே வரக்கூடாது. அது முழுக்க விஷம்.

சிறகை உப்பிக்கொண்டு உட்காருவது, அடிக்கடி தண்ணீர் குடிப்பது, எச்சம் நீராகவோ பச்சையாகவோ போவது, கால் பிடி தளர்வது ஆகியவற்றைப் பார்த்ததும் சளி என்று மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்; அது உலோக நஞ்சாகவும் இருக்கலாம். விழுங்கிய உலோகம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். உடம்பிலிருந்து அதை வெளியேற்ற ஊசி மருந்தும் இருக்கிறது. புதுச்சேரி குரும்பாப்பட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. எந்த மருத்துவரிடம் போனாலும், பறவையோடு கூண்டின் கம்பித் துண்டு ஒன்றையும் எடுத்துப்போய், மெஷ் எப்போது வாங்கியது என்பதையும் சொல்லுங்கள்.