மார்க் ஏன் மாறுகிறது?

சிறுமலை வாழைப்பழத்துக்கு 2008–09லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. ஆனால் ஒரே தாரில் வெட்டிய பழத்துக்கு ஒருவர் 8 போடுவார், பக்கத்திலிருப்பவர் 5 போடுவார். உங்கள் உழவர் குழு ருசி பார்த்துத் தரம் பிரிக்க நினைத்தால், எடுத்தவுடன் சராசரி போடாதீர்கள். மாறுவது பழமா, ஆளா, வேளையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இதற்கான பொதுமைப்படுத்தல் கோட்பாட்டை 1963இல் லீ கிரான்பாக், நாகேஸ்வரி ராஜரத்தினம், கோல்டின் கிளேசர் மூவரும் எழுதினார்கள்.

முதலில் பழம். பத்துத் தோட்டங்களிலிருந்து தோட்டத்துக்கொரு தார். எல்லாத் தாரிலும் ஒரே இடத்துச் சீப்பையே எடுங்கள், மேலிருந்து மூன்றாவது என்று வைத்துக்கொள்ளலாம். மேல் சீப்பும் கடைசிச் சீப்பும் ஒரே முற்றலில் இருக்காது. பழுத்த பக்குவமும் ஒன்றாக இருக்கட்டும். உரித்து, துண்டு போட்டு, மூன்று இலக்க எண் ஒட்டிய தட்டில் வையுங்கள். தோட்டக்காரர் பெயர் வெளியே தெரியக் கூடாது. மாமன் தோட்டத்துப் பழம் என்று தெரிந்தால் மார்க் தானாக ஏறிவிடும்.

அடுத்து ஆள். மூன்று பேர், காலை மாலை இரு வேளை. எல்லாரும் எல்லாத் தட்டையும் இரு வேளையும் பார்த்தாக வேண்டும். மாலைக்கு அதே சீப்பில் புதிதாகப் பழம் வெட்டுங்கள், எண்ணையும் வரிசையையும் மாற்றுங்கள். தட்டுக்குத் தட்டு ஒரு வாய் தண்ணீர். பேச்சு கூடாது; பெரியவர் ஒருவர் "ம்ம்" என்றாலே மற்றவர் பேனா நகர்ந்துவிடும். மொத்தம் 60 மார்க் கிடைக்கும்.

தார், ஆள், வேளை, மார்க் என்று நான்கு பத்தியில் ஏற்றி, ஆர் மென்பொருளின் எல்எம்இ4 தொகுப்பில் ஓட்டுங்கள். தார், ஆள், வேளை மூன்றையும் அவற்றின் இணைகளையும் தற்செயல் காரணிகளாகக் கொடுத்தால் ஒவ்வொன்றின் மாறுபாடும் தனித்தனியாக வரும். மாதிரிக்கு இப்படி வந்ததாக வைப்போம்: தார் 0.60, ஆள் 0.30, வேளை 0.05, தார்-ஆள் 0.40, தார்-வேளை 0.10, ஆள்-வேளை 0, மிச்சம் 0.60.

எது முந்தி, எது பிந்தி என்று வரிசைப்படுத்தினால் போதுமா? அப்படியானால் தார் சேர்ந்த இணைகளையும் மிச்சத்தையும் ஆள், வேளை எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுங்கள்; பிழை, 0.40÷3 + 0.10÷2 + 0.60÷6 = 0.28. நம்பகம் 0.60÷(0.60 + 0.28), அதாவது 0.68. ஆளை ஆறாக்கினால் 0.78, ஆளை விட்டு வேளையை நான்காக்கினால் 0.74. இரண்டிலும் தாருக்கு 12 முறைதான் ருசி பார்க்கிறோம். ஆகவே ஆளைக் கூட்டுவதே லாபம்.

'7க்கு மேல் முதல் தரம்' என்று கோடு கிழிப்பதானால் கதை வேறு. வரிசைக்குத் தொந்தரவு தராத கறார் ஆள் இங்கே பழத்தைக் கீழே தள்ளிவிடுவார். 0.30÷3, 0.05÷2 இரண்டையும் பிழையில் சேர்க்க வேண்டும், நம்பகம் 0.60க்கு இறங்கும்.

மூன்றே ஆள், இரண்டே வேளை என்றால் இந்த எண்கள் ஆட்டம் காணும். முடிந்தவரை கூடுதல் ஆளோடு தொடங்குவது நல்லது.

தார்-ஆள் எண் பெரிதாக வந்தால், ஒருவருக்கு லேசான புளிப்பு பிடிக்கிறது, இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். 'நல்ல ருசி' என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு இனிப்பு, புளிப்பு, மணம், சதையின் இறுக்கம் என்று தனித்தனிக் கட்டம் போட்டு, அடுத்த வெட்டுக்கு இதே கணக்கை மறுபடி ஓட்டுங்கள்.