ஏரி நீரும் ஊர்க் கணக்கும்

அங்கத்தினர்களுக்குக் கூட்டுறவைப் பற்றிப் பாடம் சொல்லுங்கால், அது மேல்நாட்டில் தோன்றியதென்றும், 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நம் நாட்டில் வேரூன்றியதென்றும் தொடங்குவது வழக்கம். சட்டத்தைப் பொறுத்தமட்டில் அது சரியே. ஆயினும், அச்சட்டத்திற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பங்கு, கடமை, கணக்கு, தண்டம் என்னும் நான்கும் ஒரு பொதுச் சொத்தின் பொருட்டு நம் ஊர்களில் வழங்கி வந்தன. அப்பொதுச் சொத்து ஏரி. வானம் பார்த்த பூமிக்கு நீர் எவ்வாறு கிடைத்தது, பின்னர் அது எவ்வாறு குறைந்தது என்பதே இம்மாதப் பாடம்.

ஏரியின் அமைப்பு

தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வற்றாத ஆறு இல்லாத ஊர்கள், அச்சில நாள் வெள்ளத்தைப் பிடித்து வைத்தாலன்றிப் பயிர் செய்ய இயலாது. ஆகவே சரிவான நிலத்தின் குறுக்கே மண்கரை எழுப்பினர். நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். அளவாக வெளிவிடுவது மதகு. மிகுந்த நீரைக் கரை உடையாமல் கழிப்பது கலிங்கு. மேலூர்க் கலிங்கில் வழியும் நீர் கீழூர் ஏரிக்கு வரத்தாகும். இவ்வாறு சங்கிலித் தொடராக அமைந்த ஏரிகளும் கண்மாய்களும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 உள்ளன. தொடரில் ஓர் ஊர் தவறினால் கீழுள்ள ஊர்களும் வாடும் என்பதை நினைவிற் கொள்க.

பழைய ஒழுங்கு

காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக அவற்றைப் பலரும் புகழ்வர். கூட்டுறவாளர் கருத வேண்டிய செய்தி வேறொன்றும் அவற்றில் உண்டு. ஊரின் வாரியங்களுள் ஏரி வாரியம் தனியாக இருந்தது. அதற்கு உறுப்பினர் அறுவர். பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் எவரோ, அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்று விதித்தனர். கரையின் உறுதிக்குக் கணக்கின் தூய்மையும் வேண்டும் என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தனர்.

பராமரிப்புச் செலவுக்கென மானிய நிலங்கள் இருந்தன. மதகைத் திறந்து மூடி, வயல்தோறும் முறை வைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்கு அறுவடையில் தானியம் அளந்தனர். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வீதம் வந்து வாய்க்கால் வெட்டினர். இதுவே குடிமராமத்து.

கடமை தளர்ந்த வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி வசூல் முதன்மை பெற்றது. மானியங்கள் பலவும் அரசின் வருவாயில் சேர்ந்தன. பராமரிப்புக்கான பொருள் ஊரை விட்டுப் போயிற்று. உழைப்புக் கடமை மட்டும் ஊரின் தலையில் நின்றது. பொருளற்ற கடமை தளர்வது இயல்பு. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கப்படியான வேலைக்கு வராதவர், அவ்வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்று அது கூறியது. ஊரார் ஒருவர்க்கொருவர் கட்டுப்பட்டுச் செய்த வேலையைத் தண்டம் ஒன்றால் மட்டும் மீட்க முடியவில்லை.

1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் நாட்டை வாட்டியது. அதன் பின்னர், 1883-இல் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கிற்று. ஏரிகளை அளந்து, கரை, மதகு, கலிங்கு ஆகியவற்றுக்குரிய அளவுகளைப் பதிவு செய்தனர். அது நற்பணியே. ஆனால், ஏரி சர்க்காருடையது, பழுது பார்ப்பதும் சர்க்காரே என்னும் எண்ணம் ஊராரிடையே வலுத்தது.

கிணறு வந்த பின்

1950-க்குப் பின் கிராமங்களுக்கு மின்சாரம் பரவியது. கவலை இறைத்த கிணறுகளில் பம்பு செட்டுகள் ஏறின. விளைச்சல் பெருகியது, அந்நன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் 1960-ஐ ஒட்டி ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேருக்கு நீர் தந்த ஏரிகள், பிந்திய ஆண்டுகள் பலவற்றில் அதில் பாதியளவுக்கே தந்துள்ளன. கிணறு வைத்திருப்பவருக்கு மதகு திறக்கும் நாளைப் பற்றிய கவலை இல்லை. எனவே அவர் கரை வேலைக்கு வருவதில்லை. அவர் வராதபோது மற்றவரும் வருவதில்லை. ஆயினும் அக்கிணற்றில் ஊறுவது யாருடைய நீர்? ஏரியில் தேங்கிய நீரே நிலத்தடியில் இறங்கி ஊற்றாகிறது. கிணறு தனியுடைமை, ஊற்று பொதுவுடைமை. இவ்வுண்மையை மறந்ததே இன்றைய வறட்சியின் பெருங்காரணங்களுள் ஒன்று.

ஓர் ஊரில் கண்டது

ஈராண்டுகளுக்கு முன் கோடையில், தணிக்கையின் பொருட்டு நாம் சென்ற ஓர் ஊரில் பேரவைக் கூட்டம் முடிந்ததும் ஏரிப் பேச்சு எழுந்தது. வரத்துக்காலில் சீமைக்கருவை மண்டி, ஏரி கால் பங்கும் நிரம்பாதிருந்தது. “எனக்குக் கிணறு இருக்கிறது, ஏரி வேலைக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?” என்றார் விவசாயி ஒருவர். “எங்களுக்கு நிலமே இல்லையே, எங்களை ஏன் கரைக்கு அழைக்கிறீர்கள்?” என்றார் நெசவாளர் ஒருவர். இரண்டும் நியாயமான கேள்விகளாகவே தோன்றின.

அப்போது, நெடுங்காலம் சாயத் தொழில் செய்த முதியவர் ஒருவர் எழுந்தார். “ஏரி நிரம்பிய காலத்தில் நம் தெருக் கிணற்றுக்கு எட்டு முழக் கயிறு போதும், தம்பி. இப்போது இருபது முழம் விட்டாலும் வாளியில் சேறுதான் வருகிறது. பாவுக்குக் கஞ்சி போடவும், நூலை அலசவும் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறோம். நமக்கா ஏரி இல்லை?” என்றார். கூடம் அமைதியாயிற்று. முன்பு மறுத்த விவசாயி, கிணற்றை ஆழப்படுத்த இரு முறை கடன் பட்டதையும், முதல் கடனே இன்னும் தீரவில்லை என்பதையும் தாமே எடுத்துரைத்தார்.

ஏக்கருக்கு இவ்வளவு என விவசாயிகளும், வீட்டுக்கு ஒரு நாள் உழைப்பு என நெசவாளர்களும் ஏற்றனர். ஊராட்சி ஒன்றியத்தின் அனுமதி பெற்று வரத்துக்காலைச் சீர்செய்தனர். அவ்வாண்டு மழையில் ஏரி பாதிக்கு மேல் நிரம்பியது. ஆக்கிரமிப்பு ஒன்று அகலாமையால் முழுமையும் நிரம்பவில்லை. ஆயினும் தெருக் கிணற்றில் நீர் ஏறியதை மறுமுறை சென்றபோது நாம் கண்டோம்.

அங்கத்தினர் கடமை

பாசனத்தில் விவசாயிகளின் பங்கை உறுதி செய்ய 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் ஒன்று உண்டு. குடிமராமத்து என்னும் பெயரிலேயே 2017-இல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. நிதி மேலிருந்து வரலாம். காவல் ஊரிலிருந்தே வரவேண்டும். ஆகவே அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்வார்களாக:

1. ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளதென அறிக. பொதுவாக 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. அனுமதியின்றி மண் எடுத்தலோ, கரையைத் தொடுதலோ கூடாது.

2. மழைக்கு முன்னரே வரத்துக்காலையும் கலிங்கையும் நேரில் பார்வையிடுக. கரை மட்டும் உயர்ந்து வரத்து அடைபட்டால் பயனில்லை.

3. கிணறுடையோரும் நிலமற்றோரும் ஏரியின் பங்காளிகளே. நெசவாளர் சாயக் கழிவு நீரை ஏரிக்கோ வாய்க்காலுக்கோ விடாதிருத்தல் அவர்தம் பங்கின் முதற்கடன்.

4. வசூலித்த தொகைக்கும் செய்த வேலைக்கும் கணக்கெழுதி, ஊரறியப் படித்துக் காட்டுக.

இறுதியிற் கூறியதே முதன்மையானது. கணக்கில் ஐயம் எழுந்தால் அடுத்த கோடையில் மண்வெட்டியோடு ஒருவரும் வரமாட்டார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரார் கல்லில் பொறித்து வைத்த எச்சரிக்கையும் அதுவே.