ஹெரால்டு காரின் ஸ்டீயரிங்: ஆட்டம் அறிதலும் செப்பனிடுதலும்



ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்குளத்தூரிலிருந்து தாம்பரம் செல்லும் வழியில், வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்ததை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1961 முதல் ஹெரால்டு காரும், 1970களில் அதன் வழிவந்த கெஸல் காரும் அங்கிருந்துதான் வந்தன. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 விலைபோகாமல், 1988இல் உற்பத்தியே நின்றுபோயிற்று. ஆயினும் நம் வட்டாரத்து வணிகர் வீடுகள் சிலவற்றில் தகப்பனார் காலத்து ஹெரால்டு இன்னும் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. பிள்ளைகள் அதை மறுபடி ஓட்ட ஆசைப்படுகிறார்கள். பெயிண்டுக்கும் சீட்டுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். ஸ்டீயரிங்கை மட்டும் "திரும்புகிறதே, போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது சரியன்று என்பதால் இம்மாதம் அதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

ஹெரால்டைக் கிழட்டு வண்டி என்று இளப்பமாக எண்ண வேண்டாம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி இதை வெளியிட்டது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிகெலோட்டி. இதே சேஸிஸ் அமைப்பைக் குறுக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். லோட்டஸ் ஈலான் போன்ற பேர்பெற்ற பந்தயக் குடும்பத்து வண்டியும் முன்சக்கரத் தாங்கிகளை ஹெரால்டு வகையிலிருந்தே எடுத்துக்கொண்டது. நம் சோழவரம் ஓடுதளப் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. ஆகவே இங்கே சொல்லப்போவது ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் பெரும்பாலும் பொருந்தும். (அதே தொழிற்சாலையின் ஸ்டாண்டர்டு 20 வேனுக்குப் பொருந்தாது. அதன் கட்டமைப்பே வேறு.)

இதன் ஸ்டீயரிங் ‘ரேக் அண்டு பினியன்’ வகை. ஸ்டீயரிங் தண்டின் நுனியில் சிறு பல்சக்கரம். அது பற்கள் வெட்டிய நீண்ட தண்டை இடமும் வலமும் தள்ளும். அந்தத் தண்டின் இரு முனைகளும் டை ராடு மூலம் சக்கரங்களைத் திருப்பும். பிரீமியர் பத்மினியில் இருந்த ‘வார்ம்’ பெட்டியைக் காட்டிலும் இதில் உறுப்புகள் குறைவு, நேரடித் தொடர்பு அதிகம். முன்சக்கரங்கள் வெகுவாகத் திரும்புவதால் சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுதாகத் திரும்பிவிடும். கொத்தவால்சாவடித் தெருவில் வண்டி திருப்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆட்டம் எங்கே?

ஸ்டீயரிங்கில் ஆட்டம் என்றதும் "ரேக் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும்" என்று சொல்கிற மெக்கானிக்குகள் உண்டு. தராசு முள் நேராக நிற்கவில்லை என்றால் தராசையே தூக்கி எறிகிறோமா? தட்டு, சங்கிலி, முள் என்று ஒவ்வொன்றாகத்தானே பார்க்கிறோம். இங்கும் அப்படியே. ஆட்டம் பெரும்பாலும் ரேக்கின் உள்ளே இருப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள சிறு உறுப்புகளில் இருக்கிறது.

ஹெரால்டில் ஒரு வசதி, பானெட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். குழி வேண்டாம், லிப்ட் வேண்டாம். சக்கரங்கள் தரையில் நேராக இருக்கட்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சிறிதளவு அசைக்க, மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணைப்பிலும் விரலை வைத்துப் பார்த்து வர வேண்டும். ஓர் உறுப்பு அசைந்து அடுத்தது அசையாமல் நின்றால் குறை அவ்விரண்டுக்கும் நடுவில்.

முதலில் ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனை. அங்குள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருக்கும், அல்லது அதன் போல்ட்டு தளர்ந்திருக்கும். அடுத்தது ரேக்கைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் இரண்டு ‘யு’ போல்ட்டுகளும் அவற்றின் ரப்பர் புஷ்களும். எஞ்சின் முன்புறம் ஒழுகும் ஆயில் நேரே இவற்றின் மேல் சொட்டுவதால் ரப்பர் ஊறி, பிசைந்த மாவு போலாகிவிடும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு முன் ரேக் முழுவதுமே பக்கவாட்டில் நகரும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் பார்த்த ஹெரால்டுகளில் பாதிக்கு மேல் குறை இந்த இடத்தில்தான். புஷ் மாற்றும் முன் ஆயில் ஒழுக்கை நிறுத்த வேண்டும். இல்லையேல் அடுத்த ஆண்டும் இதே வேலை.

பிறகு டை ராடு எண்டு. ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் உள்ளே மண் புகுந்துவிட்டது என்று பொருள். மாற்றிவிடுங்கள். கழற்றும்போது திருகு முனையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. நட்டைச் சில சுற்று தளர்த்திவிட்டு, அது பொருந்தியுள்ள கையின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் கூம்பு தானே விடும். பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் நீங்கவில்லை என்றால்தான் ரேக்கின் முறை. பினியனுக்கு எதிரே ஸ்பிரிங்கோடு ஓர் அழுத்துகட்டை உண்டு. அதன் மூடியின் கீழுள்ள மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து ஆட்டத்தைச் சரிசெய்யலாம். இறுக்கிவிட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பார்த்து எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். புதிய ரேக் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ஸ்பிட்ஃபயர்கள் பெருமளவில் அமெரிக்காவுக்குப் போனதால் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கான ரேக்கும் சந்தையில் உண்டு. அது நமக்குப் பொருந்தாது.

டிரன்னியன்

இனி சொல்வதே இப்பாடத்தின் முக்கியப் பகுதி.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது பித்தளை போன்ற உலோகத்தாலான டிரன்னியன் என்னும் உறுப்புக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த எஃகுத் தண்டு டிரன்னியனுக்குள் திருகிக்கொண்டு சற்றே ஏறி இறங்கும். அதற்கு வேண்டியது ஆயில், கிரீஸ் அன்று. ஈ.பி. 90 கியர் ஆயில் என்று பழைய மேனுவல்களே சொல்கின்றன. ஆனால் நம் ஊர்களில் கிரீஸ் நிப்பிளைக் கண்டதும் கிரீஸை அடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கிரீஸ் நாளடைவில் கட்டியாகி ஆயில் போகும் வழியையும் அடைத்துவிடும். மேலிருந்து நீர் இறங்கி, மரையில் துரு பிடித்து, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். ஸ்டீயரிங்கை வளைத்துத் திருப்பும்போது தண்டின்மீது பளு கூடுவதால், மெதுவாகப் போகையில்கூட இது நேரும். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கு முன்னால் நேர்ந்தால் என்னாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் சோதிக்காமல் ஓட்டவே கூடாது. ஆயில் விட்டுப் பாருங்கள். துருநீர் வந்தால் முழுவதும் கழற்ற வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, மரையை, முக்கியமாக டிரன்னியனின் மேல்விளிம்பு வரும் இடத்தை, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துருக்குழி தெரிந்தால் அந்தத் தண்டு இரும்புக்கடைக்குத்தான். வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது கொலைக்குச் சமம். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய தண்டின் உள்வரலாறு நமக்குத் தெரியாது. இந்த ஒன்றைப் புதிதாகவே வாங்குவது நல்லது. வலப்பக்கத்துக்கு வலமரை, இடப்பக்கத்துக்கு இடமரை. இரண்டும் கலந்துவிடக் கூடாது. பூட்டும்போது கடைசி வரை திருகி, பின் ஒரு சுற்றுக்குள் தளர்த்தி வைத்தால்தான் இருபுறமும் முழுதாகத் திரும்பும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆயில் விட்டுவருவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் அது சக்கர பேரிங். மறையாவிட்டால் டிரன்னியன் அல்லது மேலுள்ள பந்து மூட்டு.

மேம்படுத்துவது பற்றி

பாலியூரிதேன் புஷ் கிடைக்கிறது. ரப்பரைவிட ஆயிலைத் தாங்கும், ரேக் அசையாது. அதற்கு நான் சம்மதிப்பேன். அலுமினியக் கட்டையால் ரேக்கை இறுகப் பூட்டுவது பந்தயப் பாதைக்குச் சரி; நம் சாலைப் பள்ளங்களில் ஒவ்வோர் அடியும் கைக்கு வந்துசேரும். குறைந்த சுற்றில் திரும்பும் ரேக் போட்டால் ஸ்டீயரிங் கனத்துவிடும். அகல டயர் போட்டாலும் கனக்கும், திருப்பும் வட்டமும் பெருகும். வயதானவர்களுக்கு எனத் தண்டோடு இணைக்கும் மின்சாரப் பவர் ஸ்டீயரிங் வெளிநாடுகளில் விற்கிறது. தேய்ந்த மூட்டுகளின் மேல் அதைப் பொருத்தினால் குறை கைக்குத் தெரியாமல் மறைந்துபோகும் என்பது என் கருத்து.

2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமின்றி இருந்தால் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். அப்படிப் பதிந்ததை அன்றாடப் போக்குவரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்ட முடியாது. ஆகவே எந்த மேம்பாட்டுக்காகவும் சேஸிஸில் துளையிடவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள். வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடவும்.