ஏழு கையெழுத்துக்கு முன்



அகில இந்தியச் சிறுவர் நாடகச் சங்கம் தொடங்கப் போவதாகவும், பெயரும் இலச்சினையும் தயார் என்றும் எழுதியிருந்தாய், தம்பி. பதிவு செய்வது பெரிய வேலையில்லை. 1860-ம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்துக்கு ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். தேங்காய்த்திட்டின் எந்த டீக்கடையிலும் ஏழு பேர் கிடைப்பார்கள். எட்டாவது ஆள் எதற்காகச் சேர வேண்டும் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

புதுச்சேரிக்காரனான உனக்குப் பிரெஞ்சுக் கதையே பொருத்தம். ழாக் கோப்போவிடம் நாடகம் பயின்ற லெயோன் ஷான்செரெல், 1935-ல் பாரிஸில் குழந்தைகளுக்காக ஒரு நாடகக் குழு அமைத்தார். 'செபாஸ்தியான் மாமா' என்பது குழுவின் பெயரில் வந்த பாத்திரம். பிரான்ஸில் குழந்தை, இளையோர் நாடகத்துக்கான சங்கத்தை அவர் தொடங்கியது 1957-ல். முதலில் குழு, பிறகே சங்கம்: இடையே 22 ஆண்டுகள், ஒரு உலகப்போர்.

பிரிட்டனின் சிறுவர் நாடகச் சங்கம் 1959-ல் வந்தது. 1964-ல் லண்டனில் பல நாட்டுச் சிறுவர் நாடகக்காரர்கள் கூடினார்கள். மறு ஆண்டு பாரிஸில் 'அசிதேஜ்' என்ற சிறுவர் நாடக உலக அமைப்பு பிறந்தது. பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோக்காரரும் லண்டன்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். முதல் தலைவர் பிரிட்டனின் ஜெரால்டு டைலர். தலைவர்கள் மாறினார்கள், பொதுச் செயலாளர் ரோஸ்-மரி முதுவே மட்டும் 1990 வரை, கால் நூற்றாண்டு அதே நாற்காலியில் இருந்தார். உன் நிர்வாகிகள் பட்டியலில் தலைவர், புரவலர், கௌரவ ஆலோசகர் எல்லாரும் இருக்கிறார்கள். கடிதத்துக்குப் பதில் போடுகிறவர் யார் என்று மட்டும் காணோம்.

சங்கரதாஸ் சுவாமிகளை முன்னோடியாகக் குறிப்பிட்டிருக்கிறாய். அவர் 1922-ல் மறைந்தது நம்மூரில், சமாதி கருவடிக்குப்பத்தில். பெருமைதான். ஆனால் 1918-ல் மதுரையில் அவர் நடத்திய பால சபையில் சிறுவர்கள் நடித்தார்கள், பெரியவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். குழந்தைகள் நடிப்பது வேறு, குழந்தைகளுக்காக நடிப்பது வேறு. தேசிய நாடகப் பள்ளி 1989-ல் தொடங்கிய கல்வி அரங்கக் குழு இரண்டாவது வகை: பயிற்சி பெற்ற பெரியவர்கள் பிள்ளைகளுக்கு முன் நடிக்கிறார்கள். உன் சங்கத்தின் விதிமுறைகளில் இரண்டும் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன.

பக்கத்திலேயே பார்க்க வேண்டியவர் வேலு சரவணன். அவருடைய ஆழி குழந்தைகள் நாடகக் குழுவின் 'கடல் பூதம்' நாடகம் மேடைக்காகக் காத்திருப்பதில்லை. பள்ளி முற்றத்துக்கே வந்துவிடும். பாக்கு நீரிணைக்கு அப்பால் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் 1978-ல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். பிள்ளைகளுக்காக அவர் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா' ஈழத்துப் பள்ளி அரங்கில் பெயர் பெற்றது. கடலுக்கு இந்தப் பக்கம் அந்தப் பிரதி எத்தனை ஆசிரியர்கள் கைக்கு வந்திருக்கும்? சங்கம் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது: பிரதியைப் படியெடுத்து அனுப்புவது, எந்தத் தலைமையாசிரியர் எந்தப் பாடவேளையை விட்டுத் தருவார் என்று குறித்து வைப்பது, வேனுக்கு ஆன டீசல் செலவை மறைக்காமல் மற்ற குழுக்களிடம் சொல்வது.

அதனால் இந்த ஆண்டு பதிவு வேண்டாம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகிற மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் போடு. காரைக்கால், கடலூர், விழுப்புரம் என்று மூன்று குழுக்களுக்கு அதைப் பற்றி எழுது. பதில் வந்தால் அடுத்த கூட்டம் கூட்டலாம்.

தொடக்க விழாவை மார்ச் 20-ல், உலகக் குழந்தைகள் நாடக தினத்தில் வைக்க நினைத்திருக்கிறாய். நம் பள்ளிகளில் அது பரீட்சை நேரம். ஒரு பிள்ளையும் வராது. ஜூலைக்குத் தள்ளிப் போடு.