கேட் பதிவேட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள தங்கைக்கு,

கம்பெனியின் பி.ஆர்.எஸ்.ஆர். என்னும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. அட்டைக்கு எந்தப் படம் போடலாம் என்று கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஆலைக்குப் போய் கேட் பதிவேட்டை வாங்கிப் பார். ஒரு நாளில் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர், சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிடு. இடைவெளியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். பாய்லர் சாம்பல் அள்ளுவது, கழிவுநீர்த் தொட்டியில் இறங்குவது, கூரை ஷீட் மாற்றுவது போன்ற ஆபத்தான வேலைகள் பலவும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன.

பத்து லட்சம் மனித மணிநேரத்துக்கு எத்தனை விபத்து என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இந்த அறிக்கைக்காகத் தந்திருக்கும் படிவம் கேட்கிறது; காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தே கேட்கிறது. ஆனால் அவர்களுக்குப் பட்ட காயம் காண்ட்ராக்டரின் நோட்டோடு நின்றுவிடுவதுண்டு. அவர்கள் உழைத்த மணிநேரத்தை மட்டும் கணக்கில் ஏற்றி, காயத்தை விட்டுவிட்டால் விகிதம் இன்னும் அழகாகத் தெரியும். இதைவிடக் கொடுமையான கணக்கு எனக்குத் தெரியாது. 'விபத்து: பூஜ்யம்' என்று ஒரு தாள் உன் மேசைக்கு வந்தால், முதலுதவி அறைப் பதிவேட்டையும் இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கைகளையும் கேட்டு வாங்கிப் பார்க்காமல் அதை ஏற்காதே.

தண்ணீரிலும் இதே கவனம் வேண்டும். போர்வெல்லுக்கு மீட்டர் இருக்கும். டேங்கர் லாரியில் வந்த தண்ணீரோ அக்கவுண்ட்ஸ் பிரிவில் பில்லாகக் கிடக்கும். வெளியாரிடம் வாங்கிய நீருக்குப் படிவத்தில் தனி வரி உண்டு, அதை நிரப்பு. அந்த லாரி எந்த ஊர்க் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது என்பதையும் விசாரி.

ஒரு ரூபாய் விற்பனைக்கு எவ்வளவு தண்ணீர் செலவானது என்றும் கணக்குக் காட்டவேண்டும். இங்கே எச்சரிக்கையாக இரு. பொருளின் விலையை 10 சதவீதம் ஏற்றினாலே, ஒரு சொட்டுக்கூட மிச்சம் பிடிக்காமல் அந்த எண் சுமார் 9 சதவீதம் இறங்கிவிடும். முதலீட்டாளர் கூட்டத்தில் அதைச் சிக்கனம் என்று சொல்ல விடாதே. மொத்த நீர் எவ்வளவு, ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு என்ற இரண்டையும் அதே பக்கத்தில் வை.

2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளுக்கு இந்த அறிக்கை கட்டாயம். 2023இல் செபி, முக்கியமான சில எண்களை வெளியார் சரிபார்க்கவேண்டும் என்று முதல் 150 கம்பெனிகளில் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் சரிபார்க்க வருபவர் பெரும்பாலும் நீ கொடுத்த தாளைத்தான் சோதிப்பார். நீ கொடுக்காத பதிவேடு ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம். வெளி அங்கீகாரத்தை நம்பி உட்காராதே. 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு வாகனத் துறையில் ஃபோக்ஸ்வாகனை முதலிடத்தில் வைத்தது. அதே மாதம்தான் டீசல் கார்களின் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்தது. அடுத்த மாதமே அந்தக் குறியீட்டிலிருந்து கம்பெனியை நீக்கினார்கள்.

காண்ட்ராக்ட் ஆட்களை ஒழுங்காகச் சேர்த்தால் இந்த ஆண்டு உன் விபத்து எண் கூடும். மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சென்ற ஆண்டின் எண்ணையும் புது முறையில் திருத்திப் பக்கத்தில் போடு. ஏன் திருத்தினோம் என்பதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் அங்கேயே இரண்டு வரி எழுது. ஆய்வாளர்கள் எப்படியும் கேட்கப்போகிறார்கள், நாமே முதலில் சொல்லிவிடலாம் என்று நிர்வாக இயக்குநரிடம் பேசு. அதற்கும் மசியாவிட்டால், தணிக்கைக் குழுவுக்குப் போகும் குறிப்பில் உன் கருத்தை எழுத்தில் வை.

வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு. விபத்துப் பக்கத்தை முதலில் அனுப்பு.

அன்புடன்,
அக்கா