கடைசி பெஞ்சுக்கும் தெரியணும்!



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதையும் வராது, கதையும் வராது என்று நழுவப் பார்த்தேன். "புராஜெக்ட் வைவாவுல மாட்டினியே, அதையே எழுதேன்டா" என்றான். அதுவும் நியாயம்தான். நான் மாட்டிய இடத்தில் இன்னொருவர் மாட்டக்கூடாது. விஷயம் ரொம்பச் சின்னது. ஸ்லைடில் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதுதான்.

நடந்தது என்ன?

எங்கள் புராஜெக்ட், தண்ணீர் இல்லாமல் ஓடும் போர்வெல் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி. தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் இழுக்கும் கரண்ட் குறையும். எவ்வளவு குறைந்தால் ரிலே ட்ரிப் ஆக வேண்டும் என்று தெரிந்தால்தான் கருவிக்கே அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க எங்கள் டீம் நண்பன் ஒருவன், தன் மாமா தோட்டத்து மோட்டாரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிக்கொண்டு லீவு நாளெல்லாம் உட்கார்ந்தான். மொத்தம் 24 ரீடிங். அவன் அதிகம் பேசமாட்டான். பேசுவதற்கு நான். ஸ்லைடு போட்டதும் நான்தான்.

24 வரி, 6 காலம். டேபிள் ஸ்லைடை விட்டுக் கீழே வழிந்தது. எழுத்தை 10 பாயிண்டுக்கு இறக்கினேன். அழகாக உட்கார்ந்துவிட்டது. லேப்டாப்பில் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்!

வைவா அன்று வந்த எக்ஸாமினர், முன்னால் போட்ட நாற்காலியை விட்டுவிட்டு நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "இங்க இருந்து கேட்டாத்தான் நீங்க பேசறது புரியுதான்னு தெரியும்" என்றார். டேபிள் ஸ்லைடு வந்தது.

"அதுல என்னப்பா இருக்கு?"

"ரீடிங் சார்."

"எத்தனை ஆம்பியர்ல ட்ரிப் ஆகுது?"

திரும்பிப் பார்த்தேன். ஸ்கிரீன் பக்கத்தில் நின்ற எனக்கே தேட வேண்டியிருந்தது. அந்த எண் நண்பனுக்கு மனப்பாடம். அவன் வாயைத் திறப்பதற்குள், "சரி தம்பி, அடுத்த ஸ்லைடு போங்க" என்றுவிட்டார்.

அவ்வளவுதான். லீவெல்லாம் தோட்டத்தில் உட்கார்ந்து எடுத்த ரீடிங் ஒரே நொடியில் போய்விட்டது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கு ராத்திரிதான் இந்தப் பாயிண்ட் சமாசாரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பாயிண்ட் என்பது என்ன?

கம்ப்யூட்டரில் ஒரு பாயிண்ட் என்றால் ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. பவர்பாயிண்டில் இப்போது புதிதாகத் திறக்கும் அகல ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம். அதாவது 540 பாயிண்ட். ஸ்கிரீனில் படம் எவ்வளவு பெரிதாக விழுந்தாலும், அந்த உயரத்தை 540 பங்காக வகுத்தால் ஒரு பங்குதான் ஒரு பாயிண்ட். ஆக, பாயிண்ட் என்பது இங்கே நிலையான அளவே இல்லை. ஸ்லைடு உயரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்கிற விகிதம்தான்.

இதனால் ஒரு வேடிக்கை உண்டு. கூகுள் ஸ்லைட்ஸில் வழக்கமான ஸ்லைடின் உயரம் 5.625 அங்குலம், அதாவது 405 பாயிண்ட். அதில் 18 போட்டால், பவர்பாயிண்டில் 24 போட்டதற்குச் சமம். "18 போதும் மச்சி" என்று யாராவது சொன்னால், எதில் என்று முதலில் கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கண் டாக்டரிடம் போனால் சுவரில் எழுத்து அட்டை இருக்குமே, அதைத் தந்தவர் ஹாலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். ஆண்டு 1862. குறையில்லாத கண், அதாவது 6/6, ஆறு மீட்டர் தூரத்தில் சுமார் 8.7 மி.மீ. உயர எழுத்தைப் படிக்கும். மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இது விளிம்பு. இதற்குக் கீழே போனால் நல்ல கண்ணுக்கும் தெரியாது.

நான் டேப் எடுத்துப்போய் ஹாலை அளந்தேன். ஸ்கிரீனில் விழும் படத்தின் உயரம் 135 செ.மீ. கடைசி பெஞ்சு 12 மீட்டர் தூரம். 1350 மி.மீ.-ஐ 540-ஆல் வகுத்தால் ஒரு பாயிண்டுக்கு 2.5 மி.மீ.

என் டேபிள் 10 பாயிண்ட், அதாவது 25 மி.மீ. ஆனால் பாயிண்ட் அளவு முழுக்க எழுத்து இருக்காது. எண்களும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் அதில் சுமார் 70 சதவீதம்தான். எனவே 17.5 மி.மீ. பன்னிரண்டு மீட்டரில் 6/6 கண்ணுக்கான விளிம்பும் ஏறக்குறைய அதே 17.5 மி.மீ.! கண்ணாடி போட்டவருக்கு, ஜன்னல் வெளிச்சம் விழும் ஸ்கிரீனில், அது எப்படித் தெரியும்?

சிரமப்படாமல் படிக்க, விளிம்பைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும் என்று வைத்தேன். மீட்டருக்கு 3 மி.மீ. எனில் 12 மீட்டருக்கு 36 மி.மீ. எண்களுக்கு இது சுமார் 20 பாயிண்ட். ஆங்கிலச் சின்ன எழுத்து பாயிண்டில் பாதி உயரம்தான் என்பதால், அதற்குச் சுமார் 28 பாயிண்ட். பவர்பாயிண்டின் வழக்கமான வெற்று ஸ்லைடில் முதல் வரிக்குத் தானாக வருவதும் 28-தான். கொடுத்ததை இறக்கியவன் நான்! தமிழில் 'ஞ', 'ணை' போல வளைவு நிறைந்த எழுத்துகள் உண்டு. சிறிதாக்கினால் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கும் 28-க்குக் கீழே போகாதீர்கள்.

எழுத்து தானாகச் சுருங்குவது ஏன்?

டேபிளை என் கையால் சுருக்கினேன். மற்ற ஸ்லைடுகளைச் சுருக்கியது யார்? ஆட்டோஃபிட்! பெட்டிக்குள் வரி அதிகமானால் எழுத்தையும் வரி இடைவெளியையும் அதுவே குறைத்துக்கொண்டே போகும். ஒரு ஸ்லைடில் 28, அடுத்ததில் 22, அதற்கடுத்ததில் 17. நமக்குத் தெரியவே தெரியாது.

எங்கள் ஹெச்.ஓ.டி. சார் ஒன்று சொன்னார். அவர் படித்த காலத்தில் ஓ.எச்.பி. ஷீட்டில் மார்க்கர் பேனாவால்தான் எழுதுவார்களாம். பேனா முனையே தடிமன் என்பதால், பொடி எழுத்து எழுத நினைத்தாலும் முடியாதாம். பவர்பாயிண்ட் 1987-இல் மெக்கின்டாஷில் முதலில் வந்ததும் இந்த மாதிரி ஷீட் தயாரிக்கத்தான். பேனா போனதும் அந்த வேலியும் போய்விட்டது. இனி வேலியை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. எழுத்தைத் தேர்வு செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு > தட்டினால் எழுத்து ஏறும். < தட்டினால் இறங்கும். அளவுப் பெட்டியில் '20+' என்று வந்தால், உள்ளே பல அளவுகள் கலந்திருக்கின்றன, அதில் சிறியது 20 என்று பொருள். அந்த 20 எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

2. எழுத்து தானாகச் சுருங்கியதும் பெட்டியின் இடது கீழ் மூலையில் ஒரு குட்டிச் சின்னம் வரும். அதை அழுத்தி 'ஸ்டாப் ஃபிட்டிங்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். வரிகள் பெட்டியை விட்டு வெளியே வழியும். வழியட்டும்! எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அதுதான் காட்டுகிறது.

3. ஒவ்வொரு ஸ்லைடாக மாற்றாதீர்கள். 'வியூ' போய் 'ஸ்லைடு மாஸ்டர்' திறந்து அங்கே ஒருமுறை அளவை வையுங்கள். கையால் மாற்றிய ஸ்லைடு மட்டும் அதற்கு அடங்காது. அதற்கு 'ஹோம்' பக்கத்தில் 'ரீசெட்' இருக்கிறது.

4. ஹால் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் ஃபாண்ட் இல்லையென்றால் வேறு ஃபாண்ட் வந்து உட்காரும், அளவெல்லாம் மாறிப்போகும். ஒரு பி.டி.எஃப். நகலைப் பென் டிரைவில் கட்டாயம் வைத்திருங்கள்.

5. ஹாலை அளக்க நேரமில்லையா? எங்கள் ஹாலில் கடைசி பெஞ்சு, படத்தின் உயரத்தைப்போல் சுமார் ஒன்பது மடங்கு தூரம். சாதாரண 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரம் 19 செ.மீ. சொச்சம். ஒன்பது மடங்கு என்றால் ஏறக்குறைய ஆறடி. ஸ்லைடைத் திரை முழுக்க வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று பாருங்கள். படிக்க முடியவில்லையா? வெட்டுங்கள்.

முக்கியமானது இதுதான். விஷயத்துக்கு ஏற்ப எழுத்தைச் சுருக்கக்கூடாது, எழுத்துக்கு ஏற்ப விஷயத்தைச் சுருக்க வேண்டும். அளவை முதலில் முடிவு செய்துவிட்டால், எது தேவை, எது தேவையில்லை என்று யோசித்தே ஆக வேண்டியிருக்கும். நான் அதை யோசிக்கவில்லை. அதற்குச் சோம்பல்பட்டுத்தான் 10 பாயிண்ட் போட்டேன்.

பிறகு நம் துறையில் நடந்த புராஜெக்ட் கண்காட்சிக்கு அதே ஸ்லைடைத் திரும்பப் போட்டேன். 24 ரீடிங்கும் ரெக்கார்டு நோட்டில் பத்திரமாக இருக்கிறது. கேட்பவர்களுக்குக் காட்டலாம். ஸ்லைடில் இரண்டே எண்கள்: தண்ணீர் இருக்கும்போது எத்தனை ஆம்பியர், இல்லாதபோது எத்தனை ஆம்பியர். ஒவ்வொன்றும் 80 பாயிண்ட். அந்த ஸ்லைடு வந்ததும் நான் ஒதுங்கிக்கொண்டேன், நண்பன் பேசினான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஜூனியர் எழுந்து, "அண்ணா, வோல்டேஜ் குறைஞ்சா இந்த நம்பர் மாறாதா?" என்று கேட்டான். நண்பன் அதற்கு ஐந்து நிமிடம் பதில் சொன்னான். அவன் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை!

அடுத்த வருடம் செமினாருக்கு நிற்கப்போகும் தம்பி, தங்கைகளே! உங்க டீம்லயும் வாயே திறக்காம வேலை செய்யற ஒருத்தர் இருப்பார். அவர் வேலையைப் பொடி எழுத்துல புதைச்சுடாதீங்க. ஹாலுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல கடைசி பெஞ்சுல போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்க.